ஒரு கூடை என்றால் இருபத்தைந்து

ஒரு கூடை உப்பு இருபத்தைந்து கிலோ. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கிழக்கே கடல், மேற்கே திண்டிவனம் என்பதுபோல அது பிறக்கும்போதே தெரிந்திருக்கும். நாற்பது கூடை ஒரு டன். முந்நூறு கூடை ஒரு லாரி. கூலி பேசுவது கூடைக் கணக்கில்தான். மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கும் எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது இதற்கு நான் எதிர்க்கணக்குப் போட்டேன். வேண்டுமென்று போடவில்லை. எல்லாம் அந்த எக்ஸ் செய்த வேலை.

அந்த வருஷம் எனக்கு உதவித்தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும்வரை மாதாமாதம் பணம் வரும், படிப்பும் நடக்கும். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை மாமா பொங்கலன்றே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கரும்பைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டிருந்தார். "பாசானா படிக்கட்டும். ஆவலன்னா இன்னா, நம்ம அளத்துல ஒரு தலைக்கு எடமில்லாமலா போச்சு?"

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். உப்பளத்தில் அவர்தான் மேஸ்திரி. அம்மாவும் இன்னும் பதினைந்து பெண்களும் அவர் கையின்கீழ்தான் வேலை செய்தார்கள். அப்பா போர்வெல் லாரியோடு கர்நாடகாவில் சுற்றிக்கொண்டிருந்தார், பொங்கலுக்குப் பொங்கல் முகம் காட்டுவார். அதனால் வீட்டுக்கு ரேஷன் கார்டு விவகாரமா, மாடு விற்கவா, எனக்குக் காய்ச்சலா, எல்லாவற்றுக்கும் மாமாதான். எங்கள் குடும்பத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். முந்நூறு கூடையை ஒன்று தவறாமல் எண்ணுவார். முதல் கூடையை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார். லாபம், ரெண்டு, மூணு என்று அவர் குரல் போவதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு சார் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்துத் தேர்வுக்குத் தயார் செய்தார். அறிவு நிறைய உள்ள மனிதர், பொறுமை அறவே கிடையாது. மற்ற பாடம் எப்படியோ போகட்டும், சமன்பாட்டில் ஒரு மார்க்கும் விடக்கூடாது என்பார். சமக்குறியைத் தாண்டினால் கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். இதைச் சோறு தின்னும்போதும் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. குழம்பில் எத்தனை மீன் என்று பார்க்காமல் எக்ஸ் மீன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை சார் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் பார்த்த, கேட்ட விஷயத்தை வைத்து ஆளுக்கொரு சமன்பாடு நீங்களே செய்துகொண்டு வாருங்கள் என்றார். விடை முன்கூட்டியே தெரிந்ததாக இருந்தால் சரிபார்க்க வசதி என்றும் சொன்னார்.

விடை முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்றால் எனக்குக் கூடையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அம்மா எனக்கு எழுதிப் பார்க்கப் பழைய சீட்டுகள் கொண்டுவந்து தருவாள். எடைமேடையில் லாரியை ஏற்றி எடை பார்த்துத் தரும் சீட்டு, முன்பக்கம் அச்சு, பின்பக்கம் வெள்ளை. காற்றில் பறந்து கிடப்பதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அன்றைக்குக் கிடைத்த சீட்டு அவர்களே முந்தின நாள் உப்பு ஏற்றிய லாரியுடையது. காலி லாரி 5400 கிலோ. உப்போடு 15000 கிலோ. ஏற்றியது வழக்கம்போல முந்நூறு கூடை. முந்நூறு எக்ஸ் கூட்டல் 5400 சமம் 15000. எழுதும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. 5400-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்தேன், 9600. முந்நூறால் வகுத்தேன்.

முப்பத்திரண்டு வந்தது.

மறுபடி போட்டேன். முப்பத்திரண்டு. கழித்தலைக் கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வகுத்தலை வாய்ப்பாடு சொல்லிப் போட்டேன். அது முப்பத்திரண்டை விட்டு ஒரு கிலோ இறங்கவில்லை. நாளை மறுநாள் தேர்வு, இத்தனை நாள் நான் போட்டதெல்லாம் தப்பான முறையா? சார் சரி என்று டிக் அடித்ததெல்லாம் பார்க்காமல் அடித்ததா? ஊரில் கைக்குழந்தைக்குத் தெரிந்த விடையை எட்டாவது படிக்கிறவளுக்குக் கொண்டுவர முடியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

அம்மா அடுப்படியில் கழுத்துக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் எல்லாப் பெண்களுக்கும் கழுத்து வலி. பொங்கல் கழிந்ததும் மாமா புதுக்கூடைகள் இறக்கி வேலையை ஆரம்பித்திருந்தார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தின்றால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று அவர் கிண்டல் செய்வார், பெண்களும் சிரிப்பார்கள்.

"இன்னாடி, சீட்ட மொறச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்க?"

சொன்னேன். கூடைக்கு இருபத்தைந்து வரவேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு வருகிறது என்றேன்.

அம்மாவின் கை கழுத்திலேயே நின்றுவிட்டது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து சரியாக வராது, எண் தெரியும். "திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். "இது லாரியா? இது உப்பா? சரி, இப்ப திருப்பிப் போடு." மூன்று தடவை போடவைத்தாள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறாள் என நினைத்து, ஒவ்வொரு வரிக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் சீட்டை என் கையில் கொடுத்து, "இத பத்திரமா வையி. யாருகிட்டயும் சொல்லாத. சார்கிட்டயும் வேணாம். மாமா காதுல வுழவே கூடாது. ஒம் பரீட்ச முடியட்டும்" என்றாள்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. மகள் தப்புக் கணக்குப் போட்டது வெளியே தெரிந்தால் கேவலம். அதுவும் கணக்கில் புலியான அண்ணனுக்குத் தெரிந்தால் இன்னும் கேவலம். தப்புக் கணக்கை எதற்குப் பத்திரமாக வைக்கவேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை. ஆனாலும் ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்தேன். வெள்ளிக்கிழமை சாருக்குக் கோழியும் முட்டையும் வைத்து வேறு ஒரு சமன்பாடு கொடுத்தேன். அவர் டிக் அடித்தார். அந்த டிக்கை நான் நம்பவில்லை.

தேர்வு மையம் திண்டிவனத்தில். முதல் பஸ்ஸை நம்பமுடியாது என்று மாமாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவதாக ஏற்பாடு. அம்மா அதிகாலையிலேயே எழுந்து அவருக்கும் சேர்த்து இட்லி ஊற்றி, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் வழியனுப்பினாள். என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கக்கூடாது.

பாதி வழிவரை திறக்கவில்லை. மாமாதான் ஆரம்பித்தார். "இன்னா மருமவளே, ஊமச்சி மாதிரி வர்ற? பயமா? மாமாவுக்கு ஒரு கணக்கு போடு, போட முடியுதா பாக்கறேன்."

இரண்டு நாளாக ஒற்றை ஆளாக அந்த முப்பத்திரண்டைச் சுமந்துகொண்டிருந்தேன். கணக்குத் தெரிந்த மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. என் தப்பு எங்கே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு வெட்கம்தானே, நான் தேறிவிட்டால் அந்த வெட்கம் போய்விடாதா? "மாமா, ஒரு கூட இருவத்தஞ்சு கிலோதான?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுக்கின்னா?"

"எனக்கு முப்பத்திரெண்டு வருது மாமா."

வண்டி மெதுவானது. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் காலை ஊன்றினார். சீட்டை வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். இரண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போயின.

"இது எங்க கெடச்சுது ஒனக்கு?"

"அம்மா எழுதறதுக்குக் கொண்ணாந்தாங்க."

"அம்மா இந்தக் கணக்கப் பாத்தாளா?"

"பாத்தாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க."

மாமா சிரித்தார். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சீட்டில் விரலை வைத்துக் காட்டினார். "இத பாரு. லாரி எடைய அந்தப் பக்கம் கொண்டுபோயி கழிச்சிக்கிற. இங்கதான் தப்பு. கழிக்கவே கூடாது."

"கூட்டணுமா மாமா?"

"ஆமா, கூட்டணும். அடிப்படையே தப்பா கீது ஒனக்கு." சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதெல்லாம் உள்ள எடுத்துக்கினு போனா பிட்டுன்னு புடிச்சிப்பாங்க. எங்கிட்டயே இருக்கட்டும்."

என் தப்பை யார் கண்ணிலும் படாமல் எடுத்து வைத்துக்கொண்டாரே என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு நன்றி வந்தது. திண்டிவனம் போய்ச்சேரும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கூட்டணும், கழிக்கக்கூடாது என்று மனப்பாடம் செய்தேன். கூட்டினால் இருபத்தைந்து வருகிறதா என்று போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளி வாசலில் இறக்கிவிட்டபோது அவர் என் தலையைக்கூடத் தொடவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெரிய கூடம். முன்னே பின்னே தெரியாத முகங்கள். வட்டம் வட்டமாக அச்சடித்த ஓ.எம்.ஆர். தாள், கறுப்புப் பேனா. ஒருமுறை நிரப்பிய வட்டத்தை அழிக்கமுடியாது, இரண்டு வட்டம் நிரப்பினால் மார்க் இல்லை என்று மேற்பார்வையாளர் நாலு தடவை சொன்னார். சமன்பாடு வரும்வரை வேகமாகத்தான் போனேன். முதல் சமன்பாட்டுக் கேள்வியிலேயே கை நின்றுவிட்டது.

காலிப் பெட்டியின் எடை 6 கிலோ. ஒரே எடையுள்ள பதினைந்து புட்டிகளை வைத்தபின் மொத்த எடை 36 கிலோ. ஒரு புட்டியின் எடை என்ன?

லாரியும் உப்பும் இங்கே பெட்டியும் புட்டியுமாக வந்து உட்கார்ந்திருந்தன. சார் சொன்னபடி ஆறைக் கழித்தால் விடை இரண்டு. மாமா சொன்னபடி கூட்டினால் 2.8. கேள்வித்தாளைப் பார்த்தேன். அ) 2. இ) 2.8. படுபாவிகள் இரண்டையுமே கொடுத்திருந்தார்கள்.

பேனாவை இரண்டின்மேல் வைத்தேன், எடுத்தேன். 2.8-இன்மேல் வைத்தேன், எடுத்தேன். உள்ளங்கை வியர்த்து மேஜை ஈரமாகியது, தாள் நனையாமல் இருக்கப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். சார் வெறும் சார்தான், மாமா முந்நூறு கூடையைத் தவறாமல் எண்ணுகிற மனிதர். இந்த ஒரு வட்டத்தோடு போகாது, இதற்கு அடுத்த ஏழு கேள்விகளும் இதே ஜாதி. இங்கே தப்பான பக்கம் போனால் எல்லாம் போச்சு, ஜூன் மாதம் என் தலையிலும் கூடைதான். பக்கத்துப் பெஞ்சுப் பையன் பக்கத்தைத் திருப்பினான். அரை மணிதான் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் சார் எரிச்சலோடு சொல்லும் ஒன்று நினைவு வந்தது. சந்தேகம் வந்தால் என் மூஞ்சியைப் பார்க்காதே, எக்ஸ் இருந்த இடத்தில் விடையைப் போட்டுப் பார். போட்டேன். புட்டிக்கு 2.8 என்றால் பதினைந்துக்கு 42, பெட்டியோடு 48. கேள்வியில் 36. இரண்டு என்றால் முப்பது, பெட்டியோடு 36. இதற்குமேல் யாரைக் கேட்க?

இரண்டை நிரப்பினேன். அந்த ஏழையும் கழித்தே போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே மாமாவுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டேன். பெட்டிக்குக் கழிக்கலாம், லாரிக்குக் கழிக்கக்கூடாது போலிருக்கிறது, அது பெரியவர்கள் கணக்கு. அன்றைக்கு எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான். இதில் பறிபோன நேரத்தால் கடைசி ஆறு கேள்விகளைப் படிக்காமலே ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு எல்லாவற்றுக்கும் 'இ' நிரப்பினேன்.

சாயங்காலம் வாசலில் மாமா இல்லை. என்னோடு தேர்வு எழுதிய ஒருத்தியும் அவள் அப்பாவும் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நிற்கும்போது மாமாவின் வண்டி எதிரில் போனது. பின் சீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய புத்தம்புது மூங்கில் கூடைகள், அவர் தலைக்கு மேலே கோபுரம்போல ஆடிக்கொண்டு போயின. கூப்பிட்டேன். காதில் விழவில்லை. அதுதான் என்னை ஏற்றிக்கொள்ள இடமில்லை என்று சமாதானம் ஆனேன்.

வீட்டில் அம்மா தேர்வு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லலியே?" என்றாள்.

"இல்லம்மா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவோடு நானும் உப்பளத்துக்குப் போனேன். அம்மா மற்ற பெண்களிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது போனபிறகுதான் தெரிந்தது. பாத்திக்கு இறங்காமல் எல்லாரும் வரப்பில் நின்றார்கள். ஒரு கூடை உப்பை எங்கள் கண்ணெதிரே நிறுத்துக் காட்டவேண்டும் என்று கேட்டார்கள். அம்மா முன்னால் நின்றாள். எதிரில் நிற்பது கூடப்பிறந்த அண்ணன் என்றெல்லாம் யோசிக்கிற முகமாக அது இல்லை.

மாமா கோபப்படவே இல்லை. "அதுக்கின்னா, எல்லாரும் வாங்க" என்று மூட்டை பிடிக்கும் கொட்டகைத் தராசுக்கு நடந்தார். அங்கே நேற்று வந்த கூடைகள் அடுக்கியிருந்தன. முந்தின கூடைகள் பின்னல் சரியில்லை, காலையிலேயே எரித்தாகிவிட்டது என்றார். அம்மா அந்த அடுக்கைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொன்ன வாய் எனக்கு உலர்ந்துபோனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு கூடை நிறையக் குவித்துத் தராசில் வைத்தார்கள். முள் இருபத்தைந்தைத் தொட்டு, ஆடி, அங்கேயே நின்றது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "இதுக்கா எங்கள வேலைய வுட்டுட்டு இட்டாந்த?" என்று ஒருத்தி அம்மாவைக் கேட்டாள். "ஒம் பொண்ணு பரீட்ச எழுதின லட்சணமும் இதானா?" என்றாள் இன்னொருத்தி. மாமா என் தலையில் கையை வைத்து, "வுடுங்க, கொழந்த. தப்பா போட்டுச்சு" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. என் தப்புக் கணக்கை நம்பி அம்மா ஊர் முன்னால் அவமானப்பட்டாள். அவள் பதிலுக்குக் கத்துவாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். "சரிண்ணா. இனிமே இந்தக் கூடதான?"

மாமா கூடை அடுக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்க, சொல்லுங்க. இதே கூடதான?"

"இதே கூடதான்" என்றார் மாமா.

"கேட்டுக்கோங்கடி" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு புதுக்கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்கு இறங்கினாள். அவள் தோற்றுப்போய் ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்து, கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

தேர்வு முடிவு மூன்று மாதம் கழித்து வந்தது. பட்டியலில் கடைசிக்குச் சற்று மேலே என் பெயர் இருந்தது, நான் மேலே படித்தேன். மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதைக் குறைத்துக்கொண்டார். பெரியவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அடி வாங்கத் தயாராக வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். ஒத்தடத்துக்குச் சுடுதண்ணீர் வைக்கவில்லை. பொங்கல் கழிந்து இறக்கிய கூடைகளில், அடி விட்டுப்போனதென்று இரண்டு வாரம் முன்பு கொண்டுவந்து கோழிக்குஞ்சுகளை மூடி வைத்திருந்த பழைய கூடை ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். குஞ்சுகள் நாலா பக்கமும் ஓடின. கையிலிருந்த புதுக்கூடையை அதற்குள் வைத்தாள். அது விளிம்பில் தட்டாமல் உள்ளே முழுசாக இறங்கிப்போனது, மேலே நாலு விரல் இடம் மிஞ்சியது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஏய், இங்க வா. முப்பத்திரெண்டுல இருவத்தஞ்சு போனா எவ்ளோ?"

"ஏழு" என்றேன்.

"ஏழு" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு என் தலையைத் தடவிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சமன்பாடு வராத பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு கொடுத்து அம்மா என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, அன்று ராத்திரி நான் அவளோடு பேசவே இல்லை.